நான் ரோஸ் அடித்த எஞ்சின்

அந்த எஞ்சினுக்கு ரோஸ் நிறம் அடித்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு அதைச் சுரண்டி எடுத்தவனும் நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. வாசலில் நுழைந்ததும் வலது கைப்பக்கம், துண்டுத் தண்டவாளத்தின் மேல் ஒரு குட்டி நீராவி எஞ்சின் நிற்கும். வேறு ஏதோ ஒரு மாவட்டத்தில் மூடிப்போன சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை இழுத்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததைப் பள்ளியை ஆரம்பித்த பெரியவர் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். ரயில் பார்க்கச் சின்னசேலத்துக்கோ திருக்கோவிலூருக்கோ போகவேண்டிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் ரயில்.

எனக்குத் தொழில் டிராக்டர், டிப்பர், மினி லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பது. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் பட்டறை. வண்டியின் உடம்பு என் பொறுப்பு. எழுத்தும் கோடும் பூவும் என் மனைவியின் பொறுப்பு. அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. டிரெய்லருக்குப் பின்னால் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்ள, என்னைத் தாண்டி நேராக அவளிடம்தான் போவார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி எஞ்சினை மாற்றச் சொன்னார்கள். நானும் மனசு வைத்துச் செய்தேன். உடம்பு ரோஸ், சக்கரம் மஞ்சள், முன்பக்கம் தோசைக்கல் மாதிரி வட்டமாக இருந்த கதவில் இரண்டு பெரிய கண், ஒரு சிரிப்பு. எல்.கே.ஜி. பிள்ளைகள் தினமும் அதற்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். நான் எஞ்சினைப் படம் பிடித்து, அதைப் பெரிதாக்கிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

போன வருஷம் கோடை விடுமுறையின் கடைசியில் பள்ளித் தாளாளர் போன் செய்து வரச் சொன்னார். ஆரம்பித்த பெரியவரின் மருமகள் அவர். பெரியவர் காலமான பிறகு எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நானும் மனைவியும் போனோம். எஞ்சினுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பெயின்டர், இது முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கணும்,” என்றார்.

அந்த விடுமுறையில் அவர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு ஸ்டேஷனில் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பளபளவென்று துடைத்து, அந்தக் காலத்தில் எப்படி வந்ததோ அதே தோற்றத்தில் நிறுத்தியிருந்தார்களாம். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஊருக்குத் திரும்பி பள்ளி வாசலில் காரை விட்டு இறங்கியதும், நம் எஞ்சின் இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

“அவமானமா போச்சு,” என்றார்.

“அது நான் அடிச்சதுங்க மேடம்.”

“தெரியும். அடிக்கச் சொன்னது நான். தப்பு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி.”

“முதல்ல எப்படிங்க இருந்துச்சு?”

“அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?”

அலுவலகச் சுவரில் ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. லாரி மேல் எஞ்சின், அதன் கழுத்தில் மாலை, பக்கத்தில் வேட்டியை மடித்துக்கட்டிய பெரியவர். படத்தில் எஞ்சின் கருகருவென்று இருந்தது. அது நிறமா அழுக்கா என்று சொல்ல முடியவில்லை. வாட்ச்மேனைக் கேட்டோம். எஞ்சின் என்றாலே கருப்புதானே என்றார். பள்ளி பஸ் டிரைவர் சிவப்பு என்றார். கணக்கு வாத்தியார் சாக்லேட் நிறம் என்று அடித்துச் சொன்னார்.

எனக்குக் கருப்புதான் பிடித்திருந்தது. ஒரே நிறம், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். வண்டியில் திரும்பும்போது சொன்னேன்.

“கருப்பு அட்ச்சா சுளுவுதான் மாமா,” என்றாள் மனைவி. “ஆனா அந்தம்மா சுளுவா கேக்கலியே. இருந்தா மாதிரி கேட்டாங்க.”

மறுநாள் உப்புத்தாள், பட்டி பிளேடு, தின்னர் எல்லாம் எடுத்துக்கொண்டு போய்த் தொடங்கினோம். ஒரேயடியாகச் சுரண்டக் கூடாது என்பது அவள் யோசனை. உள்ளங்கை அளவுக்கு ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பூச்சும் கொஞ்சம் கொஞ்சம் தெரிகிற மாதிரி படிக்கட்டாகத் தேய்த்தாள். மேலே என் ரோஸ். அதற்குக் கீழே அலுமினியம் பெயின்ட். அதற்கும் கீழே வான நீலம். பிறகு தார் மாதிரி ஏதோ ஒன்று. கடைசியாக, துரு பிடிக்காமலிருக்க இரும்பின் மேல் முதலில் அடிக்கிற ரெட் ஆக்சைடு, அப்புறம் வெறும் இரும்பு. நாலு இடத்தில் தேய்த்துப் பார்த்தோம். நாலிலும் அதேதான். யாரோ ஒருவர் முன்பே மொத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறார். பழைய நிறம் அவரோடு போய்விட்டது.

“அப்ப கருப்பு,” என்றேன் நான், கொஞ்சம் சந்தோஷமாகவே.

அவள் முன்பக்கத்து வட்டக் கதவுக்குப் போய், என் எஞ்சினின் இடது கண்ணைத் தேய்க்கத் தொடங்கினாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்திக் கதவில் காதை வைத்தாள்.

“மாமா, உள்ள இன்னாவோ கத்திக்கினு இருக்குது.”

நானும் காதை வைத்தேன். தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடுவதுபோல ஒரு ரீங்காரம். நிமிர்ந்து பார்த்தால் புகைபோக்கியின் வாயிலிருந்து தேனீக்கள் ஒன்றிரண்டாகப் போவதும் வருவதுமாக இருந்தன. புகை வெளியே போவதற்கு முன்னால் வந்து சேரும் அந்த முன்பக்கப் பெட்டிக்குள், யாருக்கும் தெரியாமல் ஒரு கூட்டமே குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

வேலை அதோடு நின்றது. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடுவதாகத் தாளாளர் சொன்னார். என் மனைவிக்கு வந்ததே கோபம்.

“மருந்து அட்ச்சா அத்தினியும் செத்துப் பூடும் மேடம். ரெண்டு நாள் குடுங்க. நான் ஆள் இட்டாரேன்.”

அவள் மனதில் இருந்தவர் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் தேன் விற்கிற ஒரு மலைக்காரர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். அவள் வருஷா வருஷம் அவரிடம்தான் தேன் வாங்குவாள். தேடிப் போய் விஷயத்தைச் சொன்னோம். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் எடுத்திருக்கிறாராம், ரயில் எஞ்சினில் எடுத்ததில்லை என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். ஆனால் உடனே வரவில்லை. வீட்டில் சாமை விதைப்பு முடியட்டும் என்றார். அது முடிந்து அவர் வந்தபோது பள்ளி திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். ஒரு மண்பானை, ஒரு கத்தி, நார் மூட்டை, பச்சைத் தழைக் கட்டு. எங்களுக்கு வேர்த்துக் கொட்டுகிற அந்த வெயிலிலும் மலைக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. வட்டக் கதவின் கீல்களுக்கு நான் அந்த நாட்களில் தினமும் டீசலும் எண்ணெயும் விட்டு வந்ததால் அது லேசாக அசையத் தொடங்கியிருந்தது. ஆனால் அவர் முதலில் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. எஞ்சினைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். டிரைவர் நிற்கிற இடத்தில் ஏறி, நெருப்புப் போடுகிற அடுப்பின் வாயைத் தட்டிப் பார்த்தார்.

“இங்க அடுப்பு. அங்க புகைபோக்கி. நடுவுல வழி இல்லாமயாண்ணா இருக்கும்?” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு தரம் அந்த எஞ்சின் மேல் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருநாளும் அதை யோசித்ததில்லை. பாய்லருக்குள் நீளநீளமாகக் குழாய்கள் ஓடுகின்றன. அடுப்புப் புகை அவற்றின் வழியாகப் போய் முன்பெட்டியில் சேர்ந்து மேலே போகும். பாதிக் குழாய் துரு பிடித்து அடைத்திருந்தாலும் மீதி போதும் என்றார் அவர்.

அடுப்பின் கதவை முழுதாகத் திறக்க முடியாமல் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி இடித்தது. டிரைவரின் சாமான்கள் வைக்கிற பெட்டி, சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. கட்டிங் மெஷினால் நான்கு போல்ட்டையும் அறுத்து அதை எடுத்து வெளியே வைத்தேன். மலைக்காரர் அடுப்புக்குள் நாரைப் பற்றவைத்து அதன் மேல் பச்சைத் தழையைப் போட்டு மூடினார். பிள்ளைகள் எல்லாரையும் வகுப்புக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொல்லி முன்பே தாளாளரிடம் சொல்லியிருந்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் தும்மப்போகிற ஆள் மாதிரி அப்படியே இருந்தது. பிறகு புகைபோக்கியின் வாயில் மெல்லிசாக ஒரு வெள்ளை இழை எழுந்தது. அது தடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குபுகுபுவென்று கிளம்பி வேப்பமரத்துக்கு மேலே போனது.

ரயில் ஓடுகிறது என்று எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை முதலில் கத்தியதோ தெரியாது. கண்ணாடி ஜன்னல் முழுக்க மூக்குகள் ஒட்டிக்கொண்டன. மூன்று மாடியிலிருந்தும் ஒரே கூச்சல். விஷயம் தெரியாத பஸ் டிரைவர் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். “எஞ்சின் தீப்புட்ச்சிக்கிச்சுங்க!” என்று அலறியவரை வாட்ச்மேன் கட்டிப்பிடித்து நிறுத்த, பாதித் தண்ணீர் வாட்ச்மேன் மேலேயே போனது. தாளாளர் வராந்தாவில் தலையில் கைவைத்தபடி நின்றார். அப்புறம் கையை எடுத்துவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் மனைவி மட்டும் எஞ்சினுக்குள்ளேயே இருந்தாள்.

“மாமா, கொஞ்சம் இங்க வாயேன்.”

“இரு புள்ள, புகை வருது.”

“புகை கெடக்குது. நீ வா.”

ஏறிப் போனேன். இரும்புப் பெட்டி இருந்த இடத்தில், சுவரில், ஒரு முழ நீளத்துக்கு யாரும் தொடாத பழைய பூச்சு அப்படியே இருந்தது. பின்னால் வந்த பெயின்டர்கள் எல்லாரும் என்னை மாதிரிச் சோம்பேறிகள். பெட்டியைக் கழற்றாமல் அதைச் சுற்றியே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். தூசுக்குள்ளிருந்து கரும்பச்சை எழும்பி வந்தது. முற்றிய பலா இலையின் பச்சை. அதன் ஓரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் இரண்டு பக்கமும் நூல் மாதிரி மஞ்சள்.

அவள் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது இன்னா கையி மாமா!” என்றாள்.

வெளியே மலைக்காரர் வட்டக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஏழெட்டுத் தேனடைகள், வாழைச்சீப்பு மாதிரி வரிசையாகத் தொங்கின. புகையில் மயங்கியிருந்த ஈக்களைக் கையாலேயே நகர்த்தி, ராணியைத் தேடிப் பிடித்துப் பானைக்குள் விட்டார். மற்றவை தாமாகப் பின்னால் போயின. தேன் இருந்த அடைகளில் இரண்டைப் பள்ளிக்கே கொடுத்தார். மதியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு விரல் நுனி கிடைத்தது. தேனில் கரி வாசனை அடிக்கிறது என்று கணக்கு வாத்தியார் சொன்னார், வேறு யாருக்கும் அடிக்கவில்லை.

பானை நிறைய ஈயோடு அவரை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? நான் என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். அவர் பின்னால் உட்கார்ந்து, ஈரத்துணி கட்டிய பானையை எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். மலைப்பாதையின் வளைவுகள் முழுக்க என் முதுகில் அந்த ரீங்காரம். “பள்ளம் பாத்துப் போண்ணா, உள்ள ராணி இருக்குது,” என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினேன். மேலே போனதும், வீட்டுக்குப் பக்கத்தில் முன்பே செய்து வைத்திருந்த மரப்பெட்டியில் கூட்டத்தைக் குடியேற்றினார். அவர் மனைவி சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். அவ்வளவு பசியோடு நான் சாப்பிட்டது எப்போது என்று நினைவில்லை.

அந்தப் பச்சையைப் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற கம்ப்யூட்டர் ஒன்றுக்குப் பத்துப் பச்சை காட்டியது. எதுவும் சேரவில்லை. கடைசியில் நானே டப்பாவில் கலந்தேன். பச்சையில் கருப்பு, கருப்பில் ஒரு சொட்டு மஞ்சள், அப்புறம் ஒரு துளி சிவப்பு. ஒவ்வொன்றையும் என் மனைவி தகரத் துண்டில் தடவி, காய்ந்ததும் அந்த ஒரு முழச் சுவருக்குப் பக்கத்தில் காலை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். தலையை ஆட்டுவாள். “நீலம் ஜாஸ்தி,” என்பாள். “கருப்பு கம்மி,” என்பாள். பட்டறை வாசல் முழுக்கப் பச்சைத் தகரங்களாகிவிட்டன. ஒருநாள் ஒரு துண்டைப் பிடித்தவள் கையை எடுக்கவே இல்லை. “எங்க இருக்குது சொல்லு?” என்றாள். சுவரில் வைத்த தகரம் எனக்குத் தெரியவில்லை. சேர்ந்துவிட்டது.

எஞ்சினோடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் ஈரம் தொட்டுத் தேய்த்தபோது இன்னொன்று கிடைத்தது. பூச்சு போய்விட்டாலும், எழுத்து இருந்த இடத்தில் இரும்பு வேறு மாதிரி வெளுத்திருந்தது. சாய்ந்து பார்த்தால் பெரிய 4 ஒன்று தெரிந்தது, ஆலையில் அந்த எஞ்சினின் நம்பராக இருக்கவேண்டும். அவள் பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் அதை அப்படியே எடுத்தாள். அதே இடத்தில் பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதவேண்டும் என்று தாளாளர் முன்பே சொல்லியிருந்தார். அவர் வந்து பார்த்தபோது, “இங்க குனிஞ்சு பாருங்க மேடம்,” என்று மட்டும் சொன்னாள். அவர் குனிந்தார். விரலால் அந்த நாலின் மேல் ஒரு தரம் வரைந்து பார்த்தார்.

“நம்ம பேரைப் பக்கத்துல ஒரு போர்டுல எழுதிக்கலாம்,” என்றார்.

அடுப்புக் கதவை இடித்துக்கொண்டிருந்த பெட்டியைத் திரும்ப மாட்டவில்லை. அந்த ஒரு முழத்துக்கு மட்டும் நாங்கள் பெயின்ட் அடிக்காமல், மேலே கண்ணாடி போட்டுவிட்டோம். மற்றதெல்லாம் பச்சை. புகைபோக்கியும் முன்பெட்டியும் கருப்பு. கோடுகளை அவள் பதினோரு நாள் இழுத்தாள். அந்தப் பதினோரு நாளும் காலையில் டீ குடிக்கமாட்டாள், கை ஆடும் என்று.

திறப்பு நாளில் துணியை விலக்கியதும் பெரியவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எல்.கே.ஜி. பிள்ளைகள் தட்டவில்லை. ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று, “கண்ணு எங்க?” என்று கேட்டது. “ரயிலுக்குக் கண்ணு எங்க?” என்று மறுபடி கேட்டுவிட்டு ஓவென்று அழத் தொடங்கியது. பக்கத்தில் இருந்ததும் அழுதது. ஐந்தே நிமிஷத்தில் அந்த வரிசை முழுக்க அழுகை. டீச்சர்கள் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். தாளாளர் என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

அவள் நேராக அந்தக் குழந்தையிடம் போய் உட்கார்ந்தாள்.

“கண்ணு வேற எடத்துக்குப் போயிருக்குது கண்ணு. திங்கக்கெழம வா, காட்டறேன்.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் எல்.கே.ஜி. வகுப்புக்கு வெளியே இருந்த கருப்புத் தண்ணீர் டேங்க்கோடு மல்லுக்கட்டினாள். பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் டேங்க் ரோஸ் நிறத்தில், இரண்டு கண்ணோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. எஞ்சினுக்கு நான் வைத்த சிரிப்பைவிட இது நல்ல சிரிப்பு. அந்தப் பெண்குழந்தை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “குண்டாயிடுச்சு,” என்று மட்டும் சொன்னதாம். பிறகு டாட்டா காட்டிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். வடக்கனந்தலிலிருந்து ஒருவர் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கம்பெனி நிறம் வெளுத்துப் போய்விட்டது, புதுசாக அடிக்கவேண்டும் என்றார். என்ன நிறம் என்று கேட்டேன்.

“அந்த ஸ்கூல் எஞ்சின் பச்சை. அதே செவப்புக் கோடு, அதே மஞ்ச நூலு. ஒண்ணும் மாறக் கூடாதுங்க.”

டிராக்டருக்கு அது பொருந்தாது என்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி எழுந்து வந்து டிராக்டரின் பானெட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். கோடு எங்கே தொடங்கி எங்கே வளையவேண்டும் என்று விரலால் காட்டினாள். நாளைக்கே விட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.